கீபோர்டு 'ரெக்கார்டிங் கிட்' வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

டிஜிட்டல் கீபோர்டில் வாசிப்பதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய, "ஒயரும் சாஃப்ட்வேரும் அடங்கிய ஸ்டுடியோ கிட்" என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அப்படி விற்ற ஒருவர் என்னை ஏமாற்றிவிட்டார். இன்னொருவர் பணம் அங்கே போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்பே கீபோர்டின் பின்பக்கப் படத்தை அனுப்பிக் கேட்டேன்: "இதில் இருக்கும் ஸ்ட்ரிங்ஸ், ஃப்ளூட் எல்லாம் இதே சவுண்டில் பதிவாகுமா?" "அப்படியே வரும் சார், சிடி குவாலிட்டி" என்று பதில் வந்தது. அந்தச் சாட் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பெட்டியில் வந்தவை ஒரு யூஎஸ்பி மிடி ஒயரும் ஒரு பென் டிரைவும். மிடி என்பது வாத்தியமும் கம்ப்யூட்டரும் வாசிப்புத் தகவலைப் பரிமாறும் முறை. மாட்டி வாசித்தால், என் ஸ்ட்ரிங்ஸுக்குப் பதிலாக சாஃப்ட்வேரில் இருக்கும் ஏதோ ஒரு பியானோ கேட்கிறது. கேட்காமல் என்ன செய்யும்? மிடி ஒயரில் ஒலி போகவே போகாது. எந்தக் கட்டையை அழுத்தினோம், எவ்வளவு வேகமாக அழுத்தினோம், எப்போது விட்டோம் என்பது போன்ற தகவல்கள் மட்டும்தான் போகும். 1983-இல் வந்த மிடி தரத்தின் வேகம் நொடிக்கு 31,250 பிட். சிடி தரத்தில் ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு 14 லட்சம் பிட்டுக்கு மேல் வேண்டும். இந்தப் பொருளை விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

புகார் சொன்னதும், "உங்க கீபோர்டு பழசு, போர்டு போயிருக்கும்" என்றார். எனக்கு மிகவும் வலித்தது அதுதான். ஒரு குறையும் இல்லாத வாத்தியத்தின் மேல் பழியைப் போட்டு, பழுது பார்க்கிறவரிடம் என்னை அலையவிடப் பார்த்தார்.

அந்த ஒயர் மிடி வேலையையாவது ஒழுங்காகச் செய்ததா என்றால், அதுவும் இல்லை. வேகமாகக் கார்டு (சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டு) மாற்றினால் சில ஸ்வரங்கள் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தன. கட்டையை விட்ட தகவல் வழியில் தொலைந்துபோனால் இப்படித்தான் ஆகும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் பிரித்துப் பார்த்தார். ஐந்து பின் மிடி உள்ளீட்டில் இருந்தே ஆக வேண்டிய ஆப்டோ ஐசொலேட்டர் (மின் இணைப்பு இல்லாமல் ஒளி வழியாகத் தகவலைக் கடத்தும் சின்னப் பாகம்) அதில் இல்லை. இத்தனைக்கும் என் கீபோர்டின் பின்னால் சதுர யூஎஸ்பி சாக்கெட் இருக்கிறது. மிடிக்கு சாதாரண பிரிண்டர் ஒயரே போதும். நான் அனுப்பிய படத்தைப் பார்த்தும் விற்றவர் அதைச் சொல்லவில்லை.

பென் டிரைவில் "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று ஒரு குறிப்பு. கிராக் செய்த, அதாவது பணம் கட்டாமல் ஓட வைக்கப் பூட்டை உடைத்த சாஃப்ட்வேர். அதை நான் தொடவில்லை. ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை அதன் நிறுவனமே 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கத் தருகிறது. ஒலியைப் பதிவு செய்யும் ஆடாசிட்டி சாஃப்ட்வேர் முழுக்க இலவசம். அப்படியிருக்க எதற்கு இந்த ஆபத்து?

கீபோர்டின் சொந்த ஒலியே வேண்டுமென்றால், அதன் லைன் அவுட்டிலிருந்து (ஒலி வெளியே வரும் சாக்கெட்) இடது, வலது என இரண்டு ஒயர் எடுத்து, ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் கருவி) லைன் உள்ளீடுகளில் கொடுங்கள். லைன் அவுட் இல்லாவிட்டால் ஹெட்போன் சாக்கெட்டிலிருந்து எடுக்கலாம். லேப்டாப்பின் மைக் துளையில் செருக வேண்டாம். அது பெரும்பாலும் மோனோ (இடது, வலது எனப் பிரியாது), லைன் அவுட்டின் பலமான ஒலி வந்தால் கரகரக்கும். புதிய கீபோர்டுகள் சிலவற்றில் யூஎஸ்பி வழியாகவே ஒலியும் போகும். வாங்கும் முன் மாடலின் மேனுவலில் "யூஎஸ்பி ஆடியோ" என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் "யூஎஸ்பி மிடி" என்றால் ஒலி போகாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சாஃப்ட்வேர் பிரித்தாகிவிட்டது, ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். சாட் படங்களோடு விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. இதற்கிடையே அதே கிட்டின் விளம்பரப் படம் வேறு கடைப் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டமான ஐந்து பின் பிளக் இரண்டு, நடுவில் சின்னப் பெட்டி, மேலே "ஒரிஜினல் சவுண்ட் ரெக்கார்டிங்" என்ற வரி. பார்த்தால் வாங்காதீர்கள்.