ஷெர்பூர் குடைகளா, ரோஷ்ஃபோர் சகோதரிகளா?

பிரெஞ்சு இயக்குநர் ழாக் தெமியின் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். 1964-இல் வந்த 'ஷெர்பூரின் குடைகள்' ஒரு கட்சி. 1967-இல் வந்த 'ரோஷ்ஃபோரின் இளம்பெண்கள்' இன்னொரு கட்சி. இரண்டுக்கும் இசை மிஷேல் லெக்ரான், கலை இயக்கம் பெர்னார் எவேன், இரண்டிலும் கேத்தரின் தெனேவ் நடித்திருக்கிறார். கதை நடக்கும் இரண்டுமே கடற்படை வாசம் உள்ள பிரெஞ்சு ஊர்கள். இவ்வளவு ஒற்றுமை இருந்தும், ஒன்றில் மனதைப் பறிகொடுத்தவர்களுக்கு மற்றது அவ்வளவாக ஒட்டுவதில்லை. நான் ஷெர்பூர் கட்சி. என் அக்கா ரோஷ்ஃபோர் கட்சி. முடிவைச் சொல்லாமல் இந்த வாதத்தைச் செய்ய முடியாது. அதனால் இரண்டையும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

ஷெர்பூர் கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். குடைக்கடை நடத்தும் மதாம் எமெரியின் மகள் ழென்வியேவுக்கும், கார் மெக்கானிக் கீ என்பவனுக்கும் காதல். 1957-இல் அவனுக்குக் கட்டாய ராணுவ சேவைக்கான ஆணை வருகிறது. பிரான்ஸ் போர் நடத்திக்கொண்டிருந்த அல்ஜீரியாவுக்கு, இரண்டு வருடம். அவன் போன பிறகு அவள் கர்ப்பமாக இருப்பது தெரிகிறது. கடிதங்கள் அபூர்வமாகின்றன. வைர வியாபாரி ரோலன் கசாரை மணந்து பாரிஸ் போய்விடுகிறாள். கீ திரும்பி வந்து, நொடிந்து, பிறகு மதலேன் என்ற பெண்ணுடன் வாழ்க்கையைத் தொடங்குகிறான்.

முதல் சண்டை பாட்டில்தான் வரும். ஷெர்பூரில் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. முதல் வரி முதல் கடைசி வரி வரை எல்லாமே பாட்டு. 'கதவைச் சாத்து' என்பதைக்கூடப் பாடித்தான் சொல்ல வேண்டுமா என்று ஒரு நண்பர் பதினைந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். அவர் ஒருவரது புகார் இல்லை இது. இந்தப் படம் பிடிக்கவில்லை என்று சொல்கிற பெரும்பாலோர் இதைத்தான் சொல்கிறார்கள். தெமிக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. படத்தின் தொடக்கத்திலேயே பட்டறையில் ஒரு தொழிலாளி, இந்த ஓபராவெல்லாம் தனக்கு ஆகாது, சினிமாதான் பிடிக்கும் என்று சொல்கிறான். அதையும் பாடியே சொல்கிறான்.

எனக்குப் படம் பிடிபட்டதே அந்தப் பட்டறையில்தான். படத்தின் முதல் உரையாடல் என்ன? வண்டி தயாரா என்று ஒருவர் கேட்க, எஞ்சின் குளிரில் இன்னும் கொஞ்சம் சத்தம் போடுகிறது, ஆனால் அது சகஜம்தான் என்கிறான் கீ. இதற்கு முழு ஜாஸ் இசை. எஞ்சின் சத்தத்துக்கும் காதலுக்கும் ஒரே மரியாதை. வரிபாக்கி, அத்தையின் மருந்து, ரயில் நேரம் எல்லாம் அதே இசையில் ஓடுகின்றன. இருபது நிமிடம் பொறுத்தால் காது பழகிவிடும். அப்புறம் யாரும் பாடுவதாகவே தோன்றாது. பெரிய இடம் வரும்போது மட்டும் இசை திடீரென்று நெஞ்சை அடைக்கும். ழென்வியேவும் கீயும் பிரிகிற ரயில்நிலையக் காட்சி அப்படிப்பட்டது. ரயில் நகர, கேமராவும் அதோடு நகர, பிளாட்பாரத்தில் அவள் சின்னதாகிக்கொண்டே போவாள்.

ரோஷ்ஃபோரில் நமக்குப் பழக்கமான ஏற்பாடு. பேசுவார்கள், பிறகு பாடுவார்கள், ஆடுவார்கள், மறுபடி பேசுவார்கள். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த யாரும் இதில் முரண்பட மாட்டார்கள். ஜீன் கெல்லியும் ஜார்ஜ் சக்கீரிஸும் தெருவில் ஆடிக்கொண்டு வருகிறார்கள். அக்காவின் வாதம் இதுதான்: 'பாட்டு என்றால் ஆடவும் வேண்டும். ஷெர்பூரில் எல்லாரும் நின்றுகொண்டே பாடுகிறார்கள்.' பாதி சரி. ஷெர்பூரில் ஆட்டம் கிடையாது. ஆனால் ஓரிடத்தில் காதலர்கள் இருவரும் கால் அசையாமல், தள்ளுவண்டியில் நிற்பது போலத் தெருவில் மிதந்து போவார்கள். எத்தனை ஆட்டம் போட்டாலும் அந்த மயக்கத்தைக் காட்டியிருக்க முடியாது.

இன்னொன்று, குரல்கள். ஷெர்பூரில் ழென்வியேவாக நடித்த தெனேவுக்குப் பாடியது தானியேல் லிகாரி. எல்லாப் பாட்டையும் முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கு நடிகர்கள் வாயசைத்தார்கள். மேற்கத்திய ரசிகர்கள் சிலருக்கு இது ஏமாற்று வேலையாகப் படுகிறது. பி. சுசீலாவையும் எஸ். ஜானகியையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. ரோஷ்ஃபோரிலும் அப்படித்தான். முக்கிய நடிகர்களில் தாயாக வரும் தானியேல் தரியூ மட்டும் சொந்தக் குரலில் பாடினார்.

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம். ழென்வியேவ் செய்தது சரியா? படம் பார்த்த நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். காத்திருந்திருக்க வேண்டாமா என்பார்கள் சிலர். அக்காவின் கோபம் தாயின் மேல். 'அந்த அம்மாவுக்குக் கடனை அடைக்க ஒரு பணக்கார மாப்பிள்ளை வேண்டியிருந்தது. பதினேழு வயசுப் பெண்ணை மெல்ல மெல்லக் கரைத்துவிட்டாள்.' கடைக்கு வரிபாக்கி இருந்தது, முத்துமாலையை விற்கத் தாயும் மகளும் நகைக்கடைக்குப் போனது, அங்கேதான் ரோலன் அவளைப் பார்த்தது, எல்லாம் உண்மை. காதலால் சாவதெல்லாம் சினிமாவில்தான் என்று தாய் சொல்லும் வரியும் இருக்கிறது.

ஆனால் நான் இரண்டாம் பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். யாரும் அவளை நெருக்கவில்லை. தெமி மாதங்களின் பெயரைத் திரையில் போட்டுக்கொண்டே போகிறார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். வயிறு வளர்கிறது, கீயின் முகம் மறந்துகொண்டே வருகிறது. அவனுக்காக உயிரையே விட்டிருப்பேனே, பிறகு ஏன் இன்னும் சாகவில்லை என்று அவள் தன்னையே கேட்கிறாள். அந்தக் கேள்வியில் பொய் துளியும் இல்லை. ரோலனும் வில்லன் இல்லை. பிறக்கப்போகும் குழந்தையைத் தன் குழந்தையாக வளர்ப்போம் என்கிறவன் அவன். தெமியின் முதல் படமான 'லோலா'வில் காதலில் தோற்றுப்போன அதே ரோலன், அதே நடிகர் மார்க் மிஷேல். பழைய கதையை அவன் சொல்லும்போது அந்தப் படத்தின் மெட்டே பின்னால் வருகிறது. மூன்று ராஜாக்கள் திருநாள் கேக்கில் வந்த காகிதக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள். ஆன்ட்வெர்ப்பில் பார்த்த மாதா ஓவியம் போலிருக்கிறாய் என்கிறான் அவன். கிரீடத்தைச் சூடிய முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்த பிறகு அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாரையும் நல்லவர்களாகக் காட்டிவிட்டு நம்மை அழவைப்பது நியாயமா என்று அக்கா கேட்பாள். படத்தின் பலமே அதுதான் என்பேன். பிரித்தது அல்ஜீரியப் போர். அதைப் பற்றி யாரும் வசனம் பேசுவதில்லை. ஒரு ஆணை வருகிறது, ஒரு ரயில் கிளம்புகிறது, போனவன் காலைச் சாய்த்து நடந்துகொண்டு வருகிறான். போர் 1962-இல் முடிந்தது. படம் 1964-இல் வந்தது. அன்றைக்குத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேர் அந்த ரயிலில் போனவர்களாகவோ வழியனுப்பியவர்களாகவோ இருந்திருப்பார்கள்.

ரோஷ்ஃபோர் சந்தோஷமான படம், ஷெர்பூர் சோகமான படம் என்று பிரிப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ரோஷ்ஃபோரின் பளிச்சென்ற வெயிலுக்கு அடியில் கொஞ்சம் குளிர் இருக்கிறது. சதுக்கத்தின் குறுக்கே சிப்பாய்கள் அணிவகுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு பெண்ணைக் கொன்று துண்டு போட்ட செய்தி நடுவில் வருகிறது. மாலுமி மக்ஸான்ஸ் தன் கனவுப் பெண்ணை ஓவியமாக வரைந்திருக்கிறான். அது படத்தின் இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தியான தெல்ஃபினின் முகம். ஒரே ஊரில் இருந்தும் இருவரும் ஒருவரையொருவர் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சகோதரிகளின் தாய் இவோன், கணவனாக வந்திருக்க வேண்டியவரின் குடும்பப் பெயர் 'தாம்' என்பதால், 'மதாம் தாம்' என்று ஊர் கூப்பிடுமே என்று கூச்சப்பட்டு அவரை விட்டு வந்தவள். அந்த அசட்டுக் காரணத்துக்காக இத்தனை வருடத் தனிமை! அவராக நடிக்கும் மிஷேல் பிக்கோலி இசைக்கருவிக் கடையில் நின்று அவளைப் பற்றிப் பாடும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

படத்துக்கு வெளியே நடந்ததையும் சொல்ல வேண்டும். இரட்டைச் சகோதரிகள் தெல்ஃபினும் சொலாஞ்சுமாக நடித்த கேத்தரின் தெனேவும் ஃபிரான்ஸ்வாஸ் தோர்லேயாக்கும் உண்மையில் அக்கா தங்கை. படம் வெளியான 1967-ஆம் ஆண்டு ஜூனில், நீஸ் நகரத்துக்கு அருகே கார் விபத்தில் தோர்லேயாக் இறந்துபோனார். வயது இருபத்தைந்து. ரோஷ்ஃபோர் ரயில்நிலையத்தின் முன்னால் உள்ள சதுக்கத்துக்கு இன்று அவர் பெயர். இது தெரிந்த பிறகு, இருவரும் சேர்ந்து ஆடும் இரட்டையர் பாட்டை வெறும் குதூகலமாகப் பார்க்க முடியவில்லை. அக்கா ரோஷ்ஃபோர் கட்சியானதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நிறத்தில் இரண்டுக்கும் சமமான மதிப்பெண். ஷெர்பூரில் எவேன் அறைச்சுவர்களுக்கு ஒட்டிய பூப்போட்ட காகிதங்கள் ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும். ழென்வியேவின் உடை சில இடங்களில் சுவரோடு சேர்ந்துவிடும். ரோஷ்ஃபோரில் ஊரையே எடுத்துக்கொண்டு வீட்டு முகப்புகளுக்கும் ஜன்னல் கதவுகளுக்கும் வண்ணம் பூசினார்கள். ஒரு எச்சரிக்கை: ஷெர்பூரைப் பழைய, வெளிறிய பிரதியில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அந்தக் கால ஈஸ்ட்மன் ஃபிலிமில் சாயம் மங்கிவிடும். தெமி இறந்தது 1990-இல். அதன் பிறகு அவர் மனைவி அன்யேஸ் வர்தா முன்னின்று நிறங்களை மீட்டெடுத்தார். மீட்ட பிரதியைத் தேடிப் பாருங்கள். விருதுக் கணக்கைப் பார்த்தால் ஷெர்பூருக்குக் கான் விழாவின் முதல் பரிசு கிடைத்தது; ரோஷ்ஃபோருக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. இதை வைத்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன்.

முடிவுகளை ஒப்பிட்டால்தான் என் தராசு சாய்கிறது. ரோஷ்ஃபோரின் கடைசியில் பாரிஸுக்குப் போகும் சந்தைக்காரர்களின் லாரியில் தெல்ஃபின் இருக்கிறாள். வழியில் மக்ஸான்ஸ் கைகாட்டி ஏறிக்கொள்கிறான். இருவரும் சந்திப்பதைத் தெமி காட்டுவதில்லை. லாரி போகிறது, அவ்வளவுதான். அழகான முடிவு. மீதியை நாம் நிரப்பிக்கொள்ளலாம்.

ஷெர்பூரின் கடைசியில் நிரப்ப ஒன்றும் மிச்சமில்லை. 1963 டிசம்பர், பனி கொட்டுகிறது. காதலிக்கும் நாட்களில் கீ ஒரு பெட்ரோல் பங்க் வாங்கலாம் என்று கனவு கண்டான். நாள் முழுக்க உன் மேல் பெட்ரோல் வாசம் அடிக்குமே என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்தக் கனவு நிறைவேறியிருக்கிறது. பங்கில் இப்போது மதலேனும் மகன் ஃபிரான்ஸ்வாவும் இருக்கிறார்கள். அவர்கள் கடைக்குக் கிளம்பிப் போன நேரம் பார்த்து ஒரு விலையுயர்ந்த கார் வந்து நிற்கிறது. உள்ளே ழென்வியேவ், பக்கத்தில் சிறுமி ஃபிரான்ஸ்வாஸ். காதலித்தபோது பேசி வைத்த பெயர் இரண்டு குழந்தைகளுக்கும் வந்திருக்கிறது. அலுவலக அறைக்குள் இருவரும் நிற்கிறார்கள். வேலைக்காரப் பையன் வந்து எந்தப் பெட்ரோல், சூப்பரா சாதாரணமா என்று கேட்கிறான். பட்டறையில் எஞ்சினைப் பற்றிப் பாடியது போலவே அதுவும் பாட்டாக வருகிறது. மகளைப் பார்க்கிறாயா என்று ழென்வியேவ் கேட்க, அவன் தலையை அசைத்து மறுக்கிறான். நீ நன்றாக இருக்கிறாயா என்கிறாள். நன்றாக இருக்கிறேன் என்கிறான்.

அவன் பொய் சொல்கிறான் என்பது அக்கா கட்சி. நான் அவனை நம்புகிறேன். கார் போனதும் மதலேன் திரும்பி வருகிறாள். அவன் ஓடிப்போய் முத்தமிடுகிறான், மகனோடு பனியில் விளையாடுகிறான். அது நடிப்பில்லை. அவனுக்கு அந்த வாழ்க்கை நிஜமாகவே பிடித்திருக்கிறது. இசை மட்டும் பழைய காதலுக்காகக் குமுறிக்கொண்டிருக்கிறது. கேமரா மேலே மேலே போகிறது.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஷெர்பூர். ஒன்றரை மணி நேரம்தான். அன்றைக்கு வேறு எதையும் போடாதீர்கள். இரண்டு மணி நேரம் ஓடும் ரோஷ்ஃபோரை அடுத்த நாள் காலை வெயிலில் பாருங்கள். பாடிக்கொண்டே இருந்தால் எரிச்சல் வரும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் மட்டும் ரோஷ்ஃபோரில் தொடங்கி, லெக்ரானின் மெட்டுக்குக் காது பழகிய பிறகு ஷெர்பூருக்கு வரலாம். என் நண்பரை இப்படித்தான் திரும்ப உட்காரவைத்தேன். இந்த முறை ரயில் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. கிளம்பிய பிறகும் எழுந்திருக்கவில்லை.