கே-ஜெட்ரானிக் அழுத்தமானி செட்: கரும்புகை விட்ட 230ஈ-யில் ஒரு சோதனை

என்னிடமுள்ள 1983ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 230ஈ (டபிள்யூ123) ஓராண்டாகவே பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தது. 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டரில் ஓடிய வண்டி 16, 17 என்று கேட்கத் தொடங்கியது. சைலன்சர் வாயில் விரலை வைத்தால் மைபோல் கரி ஒட்டியது. காப்பித்தூள் நிறத்தில் இருக்கவேண்டிய ஸ்பார்க் பிளக்குகள் அடுப்புக்கரியாக வெளிவந்தன. ஆயில் கம்பியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை. கிள்ளானில் ஒரு பட்டறையில் பிளக்குகளை மாற்றினார்கள். மற்றொன்றில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தை மாற்றும் மிக்ஸ்சர் திருகைக் குறைத்துவிட்டார்கள். புகை அடங்கியது, ஆனால் காலையில் மூன்று முறை சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காமல் ஓடவில்லை. அதன் பிறகுதான், தயாரிப்பாளர் பெயர் எதுவும் பொறிக்கப்படாத ஓர் எரிபொருள் அழுத்தமானி செட்டை இணையத்தில் 180 ரிங்கிட்டுக்கு வாங்கினேன்.

பெட்டிக்குள் 0 முதல் 10 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும் ஒரு முள் மீட்டர், இரண்டு ரப்பர் குழாய்கள், வால்வு வைத்த ஒரு மூன்றுவழி இணைப்பு, பல அளவுகளில் பித்தளை அடாப்டர்கள் ஆகியவை இருந்தன. பயன்படுத்தும் முறையை விளக்க ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. எந்த அழுத்தத்தை எங்கே அளப்பது என்று தெரியாதவருக்கு இது வெறும் பித்தளைச் சாமான்தான்.

இந்தக் காருக்கு இப்படியொரு மீட்டர் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லாமல் இதன் தரத்தைப் பேச முடியாது. இதில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற, இயந்திர முறையில் பெட்ரோலைச் செலுத்தும் அமைப்பு; அதில் எரிபொருளின் அளவை முடிவுசெய்யும் கம்ப்யூட்டர் இல்லை. ஆகவே ஸ்கேனர் செருகிப் பிழைக்குறியீடு படிக்கும் வழியும் இல்லை. உள்ளே போகும் காற்று ஒரு வட்டத் தகட்டை நகர்த்த, அத்தகடு, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் ஃபியூல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் என்ற தண்டை மேலே தள்ளுகிறது. அந்தப் பிளஞ்சரின் தலையில் பெட்ரோலே ஓர் அழுத்தமாக இறங்கி எதிர்த்து நிற்கிறது. இந்தக் கட்டுப்பாட்டு அழுத்தம் குறைந்தால், அதே காற்றுக்குப் பிளஞ்சர் கூடுதலாக எழும்பி அதிகப் பெட்ரோலை விடும். குளிர்ந்த இன்ஜினுக்கு அது தேவை என்பதால் வார்ம்-அப் ரெகுலேட்டர் முதலில் அழுத்தத்தை வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கிறது. பிறகு அதற்குள் இருக்கும் சிறிய மின்சூடேற்றி ஓர் இரட்டை உலோகப் பட்டையைச் சூடாக்க, சில நிமிடங்களில் அழுத்தம் ஏறிக் கலவை சீராகிறது. ஏறுகிறதா இல்லையா என்பதைக் காதாலும் மூக்காலும் அறிய முடியாது. காற்றுக் கசிவுதான் காரணம் என்று ஒரு மெக்கானிக் அடித்துச் சொன்னார். அளவிடப்படாத காற்று உள்ளே புகுந்தால் இந்த அமைப்பில் கலவை மெலியுமே (பெட்ரோல் குறையுமே) தவிர, கொழுக்காது; கரும்புகைக்கு அது காரணமாகாது.

மூன்றுவழி இணைப்பை டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே, வால்வு ரெகுலேட்டர் பக்கம் இருக்குமாறு பொருத்தினேன். இன்ஜினை ஓட்டாமல், பெட்ரோல் பம்பை இயக்கும் ரிலே (மின்விசை மாற்றி) இருக்கும் இடத்தில் ஃபியூஸ் வைத்த ஒயர் ஒன்றை இணைத்துப் பம்பை மட்டும் ஓடவிட்டேன். வால்வை மூடியபோது முள் 5.2 பாரில் நின்றது. அமைப்பின் மொத்த அழுத்தத்தில் குறையில்லை. ரெகுலேட்டரின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு வால்வைத் திறந்தபோது 1.8. நம் ஊர் வெப்பத்தில் இது குளிர் அழுத்தமாக ஏற்கத்தக்கதே. ஆனால் இந்த எண் ரெகுலேட்டருக்கு ரெகுலேட்டர் மாறும். 0 438 140 என்று தொடங்கி அதன் உடலில் பொறித்திருக்கும் எண்ணுக்குரிய அட்டவணையைப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். மின் இணைப்பை மீண்டும் செருகி இன்ஜினை ஓட்டி, பத்து நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்தேன். 3.6 பாரை ஒட்டி ஏறியிருக்கவேண்டிய முள் 2ஐத் தாண்டவேயில்லை.

மீதி வேலையை மல்டிமீட்டர் முடித்தது. செருகியில் 12 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ரெகுலேட்டரின் இரு முனைகளுக்கிடையே மின்தடை எல்லையற்றதாகக் காட்டியது, அதாவது சூடேற்றியின் கம்பி அறுந்திருந்தது. பழுதுபார்க்கப்பட்ட ஒரு ரெகுலேட்டரை மாற்றிய பிறகு அதே மீட்டரில் எட்டு நிமிடத்தில் 3.5 வந்தது. அதற்குப் பிறகுதான் பட்டறையில் புகைச் சோதனைக் கருவியை வைத்து மிக்ஸ்சர் திருகைச் சரிசெய்தோம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்ததால்தான் முன்பு காலையில் வண்டி கிளம்ப மறுத்தது: சூடான நிலையின் மிகுதியைத் திருகால் குறைத்தபோது, குளிர்ந்த நிலைக்கு வேண்டிய பெட்ரோலும் சேர்ந்தே குறைந்துவிட்டது.

செட்டின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மூன்றுவழி இணைப்பின் ஒரு முனை முதல் நாளே வியர்வைபோல் பெட்ரோலைக் கசியவிட்டது. ஐந்து பார் அழுத்தத்தில், சூடான இன்ஜினுக்கு மேலே இது சிறிய விஷயமல்ல; தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. இன்ஜினை நிறுத்திய பின் அழுத்தம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதை வைத்துத்தான் ஒழுகும் இன்ஜெக்டரையோ, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் கோல்ட் ஸ்டார்ட் வால்வையோ சந்தேகிக்க முடியும். மீட்டரே ஒழுகும்போது அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. அந்த முனைக்குச் செம்பு வாஷர் மாற்றிய பிறகே, அரை மணி நேரம் அழுத்தம் நிற்பதைப் பார்த்து நிம்மதியடைந்தேன்.

மீட்டரின் கோடுகள் 0.2 பார் இடைவெளியில் இருப்பதால் கே-ஜெட்ரானிக்கிற்குப் போதும். டபிள்யூ124, 190ஈ போன்ற அடுத்த மெர்சிடிஸ்களில் உள்ள, மின்னணுக் கட்டுப்பாடு சேர்ந்த கேஈ-ஜெட்ரானிக்கிற்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் இடையிலான 0.4 பார் அளவிலான வேறுபாட்டைப் படிக்கவேண்டியிருக்கும், இந்த முள்ளுக்கு அந்த நுட்பம் இல்லை. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எல்-ஜெட்ரானிக் உள்ள பழைய பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர் பெட்ரோல் மிகுதிக்கு முதலில் தேடவேண்டியது கூலன்ட் வெப்ப உணரியை. 20 டிகிரியில் அது சுமார் 2,500 ஓம் காட்டவேண்டும், அதன் இணைப்பு அறுந்தால் கம்ப்யூட்டர் இன்ஜின் உறைகுளிரில் இருப்பதாக எண்ணிப் பெட்ரோலைக் கொட்டும். அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

கே-ஜெட்ரானிக் கார் சொந்தமாக வைத்திருப்பவர் இதை வாங்கலாம். வாஷர்களை மட்டும் முதலிலேயே மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் குழாய்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வடிய விட்டுப் பிறகு பெட்டியில் வையுங்கள். நான் அப்படிச் செய்யாததால் உள்ளே இருந்த நுரைப் பஞ்சு பெட்ரோலில் ஊறிப் பிசுபிசுத்துவிட்டது. பெட்டியை இப்போது வீட்டுக்குள் வைக்க அனுமதியில்லை.