செவன்-ஜிப்: பிரித்துக் கொடுக்கும், படித்துக் காட்டாது

ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் சின்னச் சின்னக் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிற வேலை எனக்கு. புது சிஸ்டம் எது கைக்கு வந்தாலும் பிரவுசருக்கு அடுத்து நான் ஏற்றுவது செவன்-ஜிப்தான், பல ஃபைல்களைச் சுருக்கி ஒரே ஃபைலாகக் கட்டவும் (அதுதான் ஜிப்) கட்டியதைப் பிரிக்கவும் உதவுகிற சாஃப்ட்வேர். காசு கிடையாது, பதிவு கிடையாது, விளம்பரம் கிடையாது, இன்ஸ்டாலர் இரண்டு எம்பி கூட வராது. ரஷ்யாவைச் சேர்ந்த ஈகோர் பாவ்லோவ் 1999-இல் ஆரம்பித்த சாஃப்ட்வேர். ஆபீஸில் போட்டுக்கொண்டாலும் பணம் கட்ட வேண்டாம் என்று அதன் தளத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 40 நாள் டிரயல் முடிந்து பல வருஷம் ஆன, இதே வேலை பார்க்கிற வின்ராரைத் திறக்கும்போதெல்லாம் வருகிற 'வாங்குங்கள்' பெட்டியை மூடி மூடிச் சலித்தவர்களுக்கு இது ஒன்றே போதும்.

பாராட்டு அவ்வளவுதான். இந்த சாஃப்ட்வேர் பேரில் வருகிற திட்டுகள்தான் பெரிய விஷயம், அதில் முக்கால்வாசி இதற்குச் சேர வேண்டியதே இல்லை. மிச்சம் கால்வாசி சேரும்.

டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்கிற வருமான வரி) ரிட்டர்ன் போடுகிற கடைசித் தேதிகள் (ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31) நெருங்கினாலே எனக்கு ஒரே மாதிரி போன் வரும். ரிட்டர்ன் தயாரிக்கிற ஆர்பியு சாஃப்ட்வேர், முன்பு என்எஸ்டிஎல் என்று இருந்து 2021-இல் புரொட்டியன் என்று பேர் மாறிய நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஜிப்பாகத்தான் வரும். யாரோ ஒருவர் டவுன்லோட் செய்து வாட்ஸப்பில் போடுவார், பத்து ஆபீஸ் அதை எடுத்துக்கொள்ளும். எடுக்கும்போது ஜிப் மட்டும்தான் போகும், டவுன்லோட் பக்கத்தில் இருந்த வழிமுறை கூடப் போகாது.

"அண்ணா, குரூப்ல வந்த ஜிப் ஓடவே மாட்டேங்குது. கறுப்பா ஒரு பெட்டி வந்துட்டு உடனே ஓடிருது."

"பிரிச்சீங்களாம்மா?"

"பிரிச்சேனே. டபுள் கிளிக் பண்ணி உள்ள போனேன், எல்லா ஃபைலும் இருக்கு."

உள்ளே போவது வேறு, பிரிப்பது வேறு. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் ஜிப்பைச் சாதாரண ஃபோல்டர் மாதிரியே திறந்து காட்டுகிறது, ஐகானில் குட்டியாக ஒரு ஜிப் படம் இருப்பதைத் தவிர வித்தியாசமே தெரியாது. உள்ளே இருக்கிற பேட்ச் ஃபைலை (புரோகிராமை ஓட்டி விடுகிற குட்டி ஃபைல்) டபுள் கிளிக் செய்தால் அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்து டெம்ப் ஃபோல்டரில் வைத்து ஓட்டும். அது தன் பக்கத்தில் இருக்க வேண்டிய ஜார் ஃபைலைத் (உண்மையான புரோகிராம் அதுதான்) தேடும், பக்கத்தில் ஒன்றும் இருக்காது, கறுப்புப் பெட்டி மூடிக்கொள்ளும். இஎக்ஸ்இ ஃபைலாக (நேராகவே ஓடுகிற புரோகிராம்) இருந்தால், 'இது மற்ற ஃபைல்களைச் சார்ந்திருக்கலாம், எல்லாவற்றையும் எக்ஸ்ட்ராக்ட் செய்யட்டுமா' என்று விண்டோஸ் மரியாதையாகக் கேட்கக்கூடச் செய்யும். அந்தப் பெட்டியில் எக்ஸ்ட்ராக்ட் ஆல், ரன், கேன்சல் என்று மூன்று பட்டன், நம் ஆட்கள் எதை அமுக்குவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செவன்-ஜிப் ஜன்னலுக்குள் போய் டபுள் கிளிக் செய்தாலும் கதை இதேதான், ஆனால் இங்கே ஒரு சௌகரியம், அந்த ஜன்னல் பார்வைக்கே ஃபோல்டர் மாதிரி இருக்காது. மேலே ஆட், எக்ஸ்ட்ராக்ட், டெஸ்ட் என்று பெரிய பெரிய பட்டன்கள், பச்சைக் கூட்டல் குறியும் நீலக் கழித்தல் குறியுமாக விண்டோஸ் 98 காலத்துக் கோலத்தில் நிற்கும். அழகில்லைதான். ஆனால் 'நீ இன்னும் வாசலில்தான் நிற்கிறாய்' என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இதற்காகவே அந்தப் பழைய முகத்தை மாற்ற வேண்டாம் என்பேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, பிரிக்கவே கூடாததைப் பிரிக்கிறவர்கள். டிடிஎஸ்ஸுக்கான அரசுத் தளமான டிரேசஸிலிருந்து ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று) எடுத்தால் ஜிப்பாக வரும். அதை அப்படியே டிரேசஸின் பிடிஎஃப் கன்வர்ட்டரிடம் கொடுக்க வேண்டும், ஜிப்பையே தேர்வு செய் என்று கன்வர்ட்டரே கேட்கிறது. நம்மவர்கள் ஜிப்பைப் பார்த்ததும் கை பரபரத்து ரைட் கிளிக், எக்ஸ்ட்ராக்ட், பாஸ்வேர்ட் கேட்டதும் தெரிந்த பாஸ்வேர்ட் எல்லாம் போட்டுப் பார்த்து, 'செவன்-ஜிப்ல பிராப்ளம் சார்' என்று முடிப்பார்கள். அர்டுயினோ என்கிற குட்டி எலக்ட்ரானிக்ஸ் போர்டில் கற்கிற காலேஜ் பையன்களும் இதே ரகம்தான்: லைப்ரரியை (தயாராக எழுதி வைத்த கோட்) 'ஆட் டாட் ஜிப் லைப்ரரி' என்ற மெனுவில் ஜிப்பாகவே கொடுக்க வேண்டும் என்று இருக்க, பிரித்து வைத்துக்கொண்டு ஃபோல்டரைத் தேர்வு செய்ய முடியவில்லையே என்று உட்கார்ந்திருப்பார்கள். ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற இமேஜும் அப்படித்தான், சுருக்கி வருகிற எக்ஸ்இசட் ஃபைலை அதை ஏற்றுகிற இமேஜரே நேரடியாக வாங்கிக்கொள்ளும்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் கோடைப் போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்தில் நடக்கிறது தனி. ரிலீஸ் பக்கத்தில் கீழே 'சோர்ஸ் கோட்' என்று ஒரு ஜிப் எப்போதும் இருக்கும், ஜிப் என்ற பேரைப் பார்த்து அதை எடுத்துப் பிரித்துவிட்டு இஎக்ஸ்இ எங்கே என்று தேடுவார்கள். அது புரோகிராம் எழுதியவர்களுக்கான மூலம், அதில் இஎக்ஸ்இ இருக்காது. வீடியோ மாற்றுகிற எஃப்எஃப்எம்பெக் எடுத்தவர்களுக்கு இஎக்ஸ்இ கிடைத்துவிடும், 'பின்' ஃபோல்டருக்குள் மூன்று இருக்கும், டபுள் கிளிக் செய்தால் மின்னல் மாதிரி ஒரு பெட்டி வந்து போகும். கமாண்ட் பிராம்ப்டிலிருந்து (கட்டளையை டைப் செய்கிற கறுப்பு ஜன்னல்) ஓட்ட வேண்டிய சாமான் அது. இதையெல்லாம் சொல்வதற்குத்தான் ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைத்திருக்கிறார்கள். நோட்பேடில் திறந்தால் ஒரு பக்கம், அதற்கு மேல் போவது அபூர்வம்.

சரி, செவன்-ஜிப்பின் பங்குக்கு வருவோம். இதன் பெரிய குறை, பேசத் தெரியாது. பாஸ்வேர்ட் தப்பாகப் போட்டால் சில சமயம் 'டேட்டா எரர் இன் என்கிரிப்டட் ஃபைல். ராங் பாஸ்வேர்ட்?' என்று காட்டும். கடைசியில் அந்தக் கேள்விக்குறியைக் கவனியுங்கள், நம்மிடமே கேட்கிறது! பழைய முறை ஜிப் பூட்டில் பாஸ்வேர்ட் தப்பா, ஃபைலே கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது உண்மைதான், அதனால்தான் அந்தக் கேள்விக்குறி. ஆனால் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு முதலில் கண்ணில் படுவது 'டேட்டா எரர்'. உடனே ஃபைல் கரப்ட் என்று தீர்ப்பு எழுதி மறுபடி டவுன்லோட், மறுபடி அதே எரர். 26ஏஎஸ் (நம் பேரில் பிடித்த, கட்டிய வரியின் பட்டியல்) டெக்ஸ்ட் ஃபைலின் ஜிப்புக்குப் பாஸ்வேர்ட் பிறந்த தேதி, நாள் மாதம் வருஷம் என்று எட்டு இலக்கம், நடுவில் கோடோ புள்ளியோ கூடாது, கம்பெனியாக இருந்தால் தொடங்கிய தேதி. இது டிரேசஸ் தளத்திலேயே எழுதியிருக்கிறது. பார்ட்னரின் பிறந்த தேதியைப் போட்டு ஒரு மத்தியானத்தையே கழித்த ஆபீஸை நான் பார்த்திருக்கிறேன்.

பாதியில் நின்றுபோன டவுன்லோடுக்கும் இப்படித்தான். ஜிப் ஃபைலில் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில் இருக்கும், வால் வந்து சேரவில்லை என்றால் தலை இருந்தும் புண்ணியமில்லை. 'அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் டேட்டா' என்றோ 'ஆர்க்கைவாகத் திறக்க முடியவில்லை' என்றோ வரும். 'டவுன்லோட் முழுசா வரலை போலிருக்கு, சைஸைப் பாருங்க' என்று ஒரு வரி சேர்த்தால் குறைந்தா போய்விடும்? துண்டு துண்டாக வருகிற ரார் (ஜிப் மாதிரியே இன்னொரு வகை) ஃபைல்களில் கொடுமை இன்னும் அதிகம். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், முதல் துண்டை மட்டும் திறந்தால் மற்றதை அதுவே எடுத்துக்கொள்ளும். பார்ட் 2-ஐ இரண்டு தடவை டவுன்லோட் செய்திருந்தால் பிரவுசர் பேருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 போட்டு வைத்திருக்கும். அந்த 1 போட்ட ஃபைல் மட்டும் ஃபோல்டரில் இருந்தால் பேர் பொருந்தாமல் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எக்ஸ்ட்ராக்ட் செய்கிறவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது வேறு கட்டுரை ஆகிவிடும். டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கிறதே, அதை அமுக்கினால் எதையும் வெளியே எடுக்காமலே ஃபைல் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். அருமையான வசதி, யாரும் தொடுவதில்லை.

அடுத்தது 'எக்ஸ்ட்ராக்ட் ஹியர்'. ரைட் கிளிக் மெனுவில் இதைக் கொஞ்சம் கீழே தள்ளி வைத்திருக்கலாம். மொத்த ஃபைலையும் ஒரே ஃபோல்டருக்குள் போட்டுக் கட்டிய ஜிப் என்றால் பிரச்சினை இல்லை, அப்படிக் கட்டாத ஜிப்பாக இருந்தால் டெஸ்க்டாப்பில் நூற்றுக்கணக்கில் ஃபைல் இறைந்துவிடும், எது புதுசு எது ஏற்கெனவே இருந்தது என்று பிரித்து அழிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஜிப்பின் பேரிலேயே ஃபோல்டர் போட்டுப் பிரிக்கிற 'எக்ஸ்ட்ராக்ட் டு' தான் எப்போதும் நல்லது. அதில் ஃபோல்டருக்குள் அதே பேரில் இன்னொரு ஃபோல்டர் வருகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு, எக்ஸ்ட்ராக்ட் பெட்டியிலேயே 'எலிமினேட் டூப்ளிகேஷன் ஆஃப் ரூட் ஃபோல்டர்' என்று ஒரு டிக் இருக்கிறது, போட்டால் அந்த இரட்டிப்பு போய்விடும். டார்-ஜிஇசட் ஃபைல்களை மட்டும் இரண்டு தடவை பிரிக்க வேண்டியிருக்கும், முதலில் டார், பிறகு அதற்குள் இருப்பது. லினக்ஸ் பக்கம் போகாதவர்கள் இதை மறந்துவிடலாம்.

பாதுகாப்பு விஷயத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம். இணையத்திலிருந்து வந்த ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு முத்திரை குத்தி வைக்கும், 'இது வெளியிலிருந்து வந்தது, பார்த்துத் திற' என்று. வருமான வரி எக்செல் யுடிலிட்டி ஜிப்பை எக்ஸ்ப்ளோரரில் பிரித்தால் அந்த முத்திரை உள்ளே இருக்கிற எக்செல்லுக்கும் போகும், 2022-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த மாற்றத்தால் அப்படிப்பட்ட ஃபைலில் மேக்ரோ (எக்செல்லுக்குள் இருக்கிற குட்டிப் புரோகிராம்) ஓடாது, சிவப்புப் பட்டை வந்து நிற்கும். அதே ஜிப்பை செவன்-ஜிப்பில் பிரித்தால் முத்திரை போகாது, மேக்ரோ ஓடும். 'செவன்-ஜிப் போட்டா யுடிலிட்டி வேலை செய்யும்' என்று ஆபீஸ்களில் ஒரு வைத்தியம் பரவியதற்கு இதுதான் காரணம். வைத்தியம் பலிக்கிறதுதான், ஆனால் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிற வைத்தியம் அது. நாளைக்கு 'இன்வாய்ஸ்' என்று எவனோ அனுப்புகிற ஜிப்பும் அதே வழியில்தான் உள்ளே வரும். 2022-இல் வந்த 22.00 பதிப்பிலிருந்து முத்திரையைக் கடத்துகிற வசதி இருக்கிறது, ஆனால் ஆப்ஷன்ஸில் போய் 'புரொப்பகேட் ஸோன் ஐடி ஸ்ட்ரீம்' என்பதை யெஸ் ஆக்கினால்தான் உண்டு. தானாக நோ என்றிருக்கும். நான் போட்டுக் கொடுக்கிற எல்லா சிஸ்டத்திலும் யெஸ்தான். வரி யுடிலிட்டிக்கு மட்டும், பிரிப்பதற்கு முன்னால் ஜிப்பின் பிராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' டிக் போட்டுக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வசதியிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஜிப்புக்குள் இன்னொரு ஜிப் இருந்தால் முத்திரை உள்ளே போகாமல் நழுவிவிடும், உக்ரைன் நிறுவனங்களைத் தாக்கியவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள் என்று கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோ சொன்னது. 2024 நவம்பரில் வந்த 24.09 பதிப்பில் அடைத்தார்கள். ஆனால் யாருக்குத் தெரியும்? செவன்-ஜிப் தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்ளாது, புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று வாயைத் திறந்தும் சொல்லாது. 2018-இல் போட்டது 2018-லேயே நிற்கும். நான் போகிற ஆபீஸ்களில் 16.04 இன்னும் உயிரோடு இருக்கிறது. ஹெல்ப் மெனுவில் அபௌட் என்பதைத் திறந்து ஒரு தடவை பாருங்கள், தளத்தில் இருக்கிற புதுப் பதிப்பை விடப் பழையது என்றால் இன்றைக்கே மாற்றுங்கள், பழையதன் மேலேயே புதுசைப் போட்டுக்கொள்ளலாம்.

எடுப்பது அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். முகவரியில் செவனை எண்ணில் போட்டு, அடுத்து ஒரு சின்னக் கோடு, பிறகு ஜிப், டாட் ஆர்க் (7-zip.org). தேடலில் விளம்பரமாக மேலே வருகிற எதையும் தொடாதீர்கள், குரூப்பில் யாராவது செவன்-ஜிப்பையே ஜிப் போட்டு அனுப்பினால் அதையும் தொடாதீர்கள் (அனுப்பியிருக்கிறார்கள்). ரார் ஃபைல் திறக்கும், உருவாக்காது, அது வேண்டுமென்றால் வின்ராருக்கே காசு கட்டுங்கள். விண்டோஸ் 11-இல் 2023 கடைசியிலிருந்து ராரும் செவன்-ஜிப்பின் சொந்த வகையான செவன்-இசட்டும் எக்ஸ்ப்ளோரரிலேயே திறக்கின்றன, எப்போதாவது ஒரு ஃபைல் பிரிக்கிறவருக்கு அது போதும். ரைட் கிளிக் செய்தால் செவன்-ஜிப் தெரியவில்லையே என்று விண்டோஸ் 11 ஆட்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன், 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' உள்ளே ஒளிந்திருக்கும், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் நேராகவே வரும்.