கரை ஒதுங்கும் பாசி: டென்மார்க்கின் எரிவாயுவும் பிரான்சின் மக்கு உரமும்

கோடையில் கரை ஒதுங்கும் பாசி அழுகத் தொடங்கியதும் ஊர் மக்கள் முறையிடுவது உள்ளாட்சியிடம்தான். டென்மார்க்கின் கோயெ விரிகுடாவை ஒட்டிய சோல்ரோட் நகராட்சியும், பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் சான் பிரியூ விரிகுடாவைச் சூழ்ந்த உள்ளாட்சிகளும் இந்தச் சுமையை இரு வேறு வழிகளில் கையாண்டிருக்கின்றன.

சோல்ரோட் நகராட்சி 2015இல், கழிவை மூடிய தொட்டிகளில் நொதிக்க வைத்து எரிவாயு எடுக்கும், தனக்கே சொந்தமான ஆலையைத் திறந்தது. கடற்கரை நாற்றத்தைப் பற்றிய புகார்களிலிருந்து எழுந்த திட்டம் என்றாலும், ஆலைக்குள் செல்லும் கழிவில் பாசியின் பங்கு மிகச் சிறியது. அருகில் பெக்டின் (ஜாம் போன்றவற்றைக் கெட்டியாக்கப் பழத்தோலிலிருந்து எடுக்கும் பொருள்) தயாரிக்கும் தொழிற்சாலையின் பழத்தோல் சக்கையும் பண்ணைகளின் சாணக் குழம்பும்தான் அதை ஆண்டு முழுவதும் இயங்க வைக்கின்றன. இந்த ஏற்பாட்டின் வலிமையே இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பருவத்துக்குப் பருவம் அளவு மாறுவதும், மணலும் உப்பும் கலந்து வருவதுமான பாசியை மட்டும் நம்பி ஓர் ஆலையை நடத்த முடியாது. மணலானது நொதிக்கும் தொட்டியின் அடியில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைக்கும் என்பதால், கரையில் அள்ளும் விதத்திலேயே கவனம் தேவை.

பிரிட்டனியின் நிலை இதைவிடக் கடுமையானது. செறிவான கால்நடை வளர்ப்பு நிலங்களிலிருந்து ஆறுகள் வழியே கடலுக்குச் செல்லும் நைட்ரேட்டால் உல்வா என்னும் பச்சைப் பாசி பெருகுகிறது. அது அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு நச்சுவாயு வெளிப்படுகிறது. 2009இல் சான் மிஷேல் ஆன் கிரேவ் கடற்கரையில் ஒரு குதிரை இறந்தது. 2011இல் கூஸ்ஸான் ஆற்றின் முகத்துவாரத்தில் 30க்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் மடிந்து கிடந்தன. ஆகவே அங்கே வேகமாக அள்ளுவதே முதல் கடமை. அள்ளிய பாசியில் ஒரு பகுதி நேராக வயல்களுக்குச் செல்கிறது. மற்றொரு பகுதியை உலர்த்தி மக்கு உரமாகப் பதப்படுத்த லாந்திக் என்னும் ஊரில் ஒரு நிலையம் உருவானது. பாசி ஏராளமாக ஒதுங்கிய 2019 கோடையில் அந்த நிலையம் நாற்றத்தின் காரணமாகத் தற்காலிகமாக மூடப்பட்டது. சில மாதங்களில் மொத்தமாக வந்து குவியும் பொருளுக்காக மட்டும் ஒரு நிலையத்தை வைத்திருப்பதன் இடர் அப்போது வெளிப்பட்டது.

மக்க வைப்பதற்குச் செலவும் தொழில்நுட்பமும் குறைவு. சிற்றூர்களுக்கு அது எட்டும். எரிவாயு ஆலைக்குப் பெரும் முதலீடும், நீண்ட கால ஒப்பந்தத்துக்கு உடன்படும் தொழிற்சாலையும், எரிவாயுவை எரித்துக் கிடைக்கும் வெப்பத்தை வாங்கி வீடுகளுக்குக் குழாய் வழியே தரும் வலையமைப்பும் வேண்டும். இவை கிடைக்கும் இடத்தில் நான் தயங்காமல் சோல்ரோட் வழியையே தேர்வேன். பிரிட்டனியிலும் சாணத்துக்குக் குறைவில்லை.

ஆனால் பாசியில் இருந்த நைட்ரஜனை இரண்டு வழிகளுமே அழிப்பதில்லை. ஆலையில் எஞ்சும் குழம்பிலும் மக்கு உரத்திலும் அதில் பெரும்பங்கு தங்குகிறது. ஏற்கெனவே உரம் மிகுந்த அதே ஆற்றுப்படுகையின் வயல்களில் அதைக் கொட்டினால், அடுத்த மழையில் ஒரு பங்கு மீண்டும் கடலைச் சேரும். விவசாயிகள் அதற்கு ஈடாக இரசாயன உரத்தைக் குறைக்கிறார்களா என்பதை வயல்வாரியாகப் பதிவு செய்யும் உள்ளாட்சியே நைட்ரஜனை நிலத்துக்குத் திருப்பும் சுழற்சியை உண்மையில் நடத்துகிறது. அந்தப் பதிவேடு இல்லாத இடத்தில் எரிவாயுவுக்கும் மக்கு உரத்துக்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை.