முதல் ஹோம் தியேட்டர்: ஸ்பீக்கர் மேல் பிரியம், ரிசீவர் மேல் கோபம்

எச்டிஎம்ஐ போர்டு மாற்றிய ரிசீவர் போன வாரம்தான் வீட்டுக்குத் திரும்பி வந்தது. ரிசீவர் என்பது ஒலியை வாங்கி எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி. எச்டிஎம்ஐ என்பது படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும் இணைப்பு. புது ரிசீவர் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு போர்டுக்கே போய்விட்டது. கோபம் இன்னும் தணியவில்லை. ஆனால் ஐந்து வருஷமாக வீட்டில் தினமும் ஓடும் செட், அதன் நல்லதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். புது வீடு கட்டியிருக்கும் நண்பன் ஒருவன் "என்ன வாங்கலாம், சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அவனுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். வேறு வேறு கம்பெனி ரிசீவர் வைத்திருக்கிற எனக்குத் தெரிந்தவர்களும் இதே எச்டிஎம்ஐ குறையைத்தான் சொல்கிறார்கள்.

திருச்சியில் 15க்கு 12 அடி ஹால். 5.1 செட், அதாவது ஐந்து ஸ்பீக்கர், பாஸுக்கென்று ஒரு சப்வூஃபர். முன்னால் இரண்டு புக்ஷெல்ஃப் (சின்னப் பெட்டி ஸ்பீக்கர்), டிவிக்குக் கீழே ஒரு சென்டர், பின்பக்கம் இரண்டு சின்ன சரவுண்ட், ஓரமாக ஒரு 10 அங்குல சப்வூஃபர். ரிசீவர் ஏழு சேனல், அதில் ஐந்துதான் பயன்படுகிறது.

இந்த செட்டில் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம் தருவது சென்டர் ஸ்பீக்கர். வாங்கும்போது இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

நம் படங்களின் 5.1 மிக்ஸில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் இருக்கும். டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும்போது அந்த நடுச் சேனல் இடது, வலது இரண்டிலும் பின்னணி இசையோடும் சண்டைச் சத்தத்தோடும் கலந்துவிடுகிறது. கலந்த பிறகு வசனத்தை மட்டும் தனியாக உயர்த்துவது கஷ்டம். அதனால்தான் எல்லா வீட்டிலும் ஒருவர் ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே படம் பார்க்கிறார்: பேசும்போது கூட்ட வேண்டும், பாட்டு வந்தால் குறைக்க வேண்டும். சென்டர் தனியாக இருந்தால் ரிசீவரில் அதை மட்டும் 2, 3 டெசிபல் உயர்த்தி வைத்துவிடலாம். அப்புறம் அதைத் தொடவே வேண்டாம். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆங்கில சப்டைட்டிலும் படிக்க வராது. செட் வந்த முதல் வாரத்திலேயே "பேசறது இப்பத்தான் புரியுதுப்பா" என்றார். எனக்கு அது போதும். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் எந்தச் சென்டரையும் எடுத்துவிட முடியாது. கடையில் அதிகம் கிடைப்பது நடுவில் ட்வீட்டரும் (கீச்சு ஒலிக்கு) இரண்டு பக்கமும் வூஃபரும் (கனத்த ஒலிக்கு) உள்ள படுக்கை வடிவம். நேர் எதிரே உட்கார்ந்தால் குறை தெரியாது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஒரே குரல் இரண்டு வூஃபரிலிருந்தும் வேறு வேறு தூரத்தைக் கடந்து காதுக்கு வருகிறது. சில அதிர்வெண்களில் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். குரல் உள்ளே வெறுமையாகிப் போனதுபோல் கேட்கும். எங்கள் ஹாலில் சோபாவில் மூன்று பேர், அம்மாவின் நாற்காலி ஒரு ஓரத்தில். அவருக்காகத்தான் முக்கியமாக வாங்குகிறோம், அவர் இடத்தில்தான் மோசமாகக் கேட்கும் என்றால் என்ன பயன்? அதனால் மூன்று வழி சென்டர் எடுத்தேன். நடுவில் குரலுக்கென்று ஒரு சின்ன மிட் ட்ரைவர், அதன் தலைக்கு மேலேயே ட்வீட்டர், இரண்டு பக்கமும் வூஃபர். முன் ஜோடியின் விலைக்குச் சமமாக இதற்கு மட்டும் கொடுத்தேன். கடைக்காரர் "சென்டருக்கு இவ்வளவு எதுக்கு சார், அந்தக் காசுக்கு முன்னாடி டவர் போட்டுடலாமே" என்று கடைசி வரை சொல்லிப் பார்த்தார்.

அவ்வளவு பட்ஜெட் இல்லையென்றால் முன்னால் வைக்கும் அதே புக்ஷெல்ஃபில் இன்னொன்றை வாங்கி டிவிக்குக் கீழே நிமிர்த்தியே வையுங்கள். மலிவான படுக்கைச் சென்டரைவிட நன்றாக இருக்கும். ஆனால் பல கம்பெனிகள் ஜோடியாகத்தான் தருகிறார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கடையில் கேட்டுப் பார்க்கும்போது சண்டைக் காட்சி போடச் சொல்லாதீர்கள், அதில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். உங்களுக்கு வசனம் மனப்பாடமான படத்தில் இரண்டு பேர் மெதுவாகப் பேசும் இடத்தைப் போட்டு, ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

வாட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் மேலேயே ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ (கண நேர உச்ச வாட்ஸ்) எழுதியிருப்பார்கள். இப்போது அந்த எழுத்து இல்லை, ஆனால் வித்தை இருக்கிறது. ஒரே ஒரு சேனலை ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீதச் சிதைவோடு அளந்த எண்ணைப் பெட்டியின் மேல் பெரிதாகப் போடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓமில், இரண்டு சேனல் ஓடும்போது, 0.1 சதவீதத்துக்கும் குறைவான சிதைவில் எவ்வளவு என்பதை. அது எப்போதும் சின்ன எண்ணாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். 80 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் 1 டெசிபல்தான், காதுக்குத் தெரிந்தால் பெரிது. அதற்காக அடுத்த மாடலுக்குப் போய்ப் பத்து, பதினைந்தாயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரு வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்ஸில் தரும் சத்தத்தை 85 டெசிபல் ஸ்பீக்கர் தருவதற்கு 80 வாட்ஸ் வேண்டும்.

சரவுண்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உட்காரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், நேரே டிவி இருக்கும் திசையிலிருந்து 110 டிகிரி அளவில், காதுக்குக் கொஞ்சம் மேலே. வயருக்கு வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே தாராளம். வீடு கட்டும்போதே பைப் போட்டுவிட்டால் நல்லது.

அறையும் ஒரு ஸ்பீக்கர்தான். டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், ஒரு கைதட்டினால் 'ணிங்' என்று திரும்பி வரும். ரிசீவரோடு வரும் மைக்கை வைத்துச் செய்யும் ஆட்டோ செட்டப் இந்த எதிரொலியைச் சரிசெய்யாது. கனமான திரைச்சீலை, சோபாவுக்கு முன்னால் பவானி ஜமக்காளம் இரண்டு மடிப்பு, பக்கச் சுவரில் புத்தக அலமாரி என்று வைத்த பிறகுதான் வசனம் இன்னும் தெளிந்தது. அப்புறம், ஆட்டோ செட்டப் முடிந்ததும் ஒன்றைச் சரிபாருங்கள். என் ரிசீவர் முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று தானாகப் போட்டுக்கொண்டது. அதை 'ஸ்மால்' ஆக்கி 80 ஹெர்ட்ஸில் கிராஸ் ஓவர் (பாஸைப் பிரிக்கும் எல்லை) வைத்தால் கனமான பாஸை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும், புக்ஷெல்ஃபுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

ரிசீவரின் ஒலியில் ஒரு குறை கிடையாது. பழைய இரண்டு சேனல் பாட்டை ஸ்டீரியோவில் வைத்துக் கேட்டால் மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தெரிகிறது. இரவு பதினொரு மணிக்கு நைட் மோடில் போட்டால் பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை. மே மாத வெயிலில் ஏசி இல்லாத ஹாலில் நாலு மணி நேரம் ஓடியும் ஒருநாளும் தானாக அணைந்ததில்லை. ஷோகேஸுக்குள் அடைக்காமல் மேலே அரை அடி இடம் விட்டிருக்கிறேன், அது முக்கியம்.

கோபமெல்லாம் எச்டிஎம்ஐ மேல்தான்.

டிவியில் உள்ள ஆப்பில் படம் ஓடும்போது ஒலி ஏஆர்சி (அதே எச்டிஎம்ஐ கேபிளில் டிவியிலிருந்து ஒலி திரும்பும் வசதி) வழியாக ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். எங்கள் டிவி இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது, ரிசீவர் இல்லை. எங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகை கிடையாது, அதில் ரிசீவரைப் போட்டால் ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறது. கரன்ட் போனால் டிவி ஓடிக்கொண்டிருக்கும், ரிசீவர் அணையும். கரன்ட் வந்ததும் ரிசீவர் எழுந்தாலும் டிவி அதைக் கண்டுகொள்ளாது. திரையில் வால்யூம் பட்டை ஏறும், சத்தம் மட்டும் வராது. இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, முதலில் ரிசீவர், அடுத்து டிவி என்று போட வேண்டும். நான் வீட்டில் இல்லாதபோது அம்மா இதைச் செய்வாரா? சீரியல் நேரத்தில் எனக்குப் போன் வரும். நடு ராத்திரியில் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும்போது ரிசீவரையும் சேர்த்து எழுப்பிவிடுவது இன்னொரு தொல்லை.

காரணம் புரிகிறது. படம், அதை நகலெடுக்க விடாத பூட்டு, திரும்பி வரும் ஒலி, ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் சிஇசி கட்டளை எல்லாமே ஒரே வயரில் போகின்றன. சிஇசியை ஒவ்வொரு டிவி கம்பெனியும் தன் பெயர் வைத்துத் தனக்குத் தோன்றியபடி செய்திருக்கிறது. அதோடு சில வருஷத்துக்கு ஒரு புது வெர்ஷன்: 2009இல் 1.4, 2013இல் 2.0, 2017இல் 2.1. அந்த 2.1ஐ நம்பி 2020இல் வாங்கிய சில ரிசீவர்களில் புது கேம் கன்சோலின் விநாடிக்கு 120 ஃப்ரேம் ஓடும் 4கே படமே வரவில்லை. ஸ்பீக்கருக்கு இந்தக் கதையெல்லாம் கிடையாது. சிவப்பு ஒரு வயர், கறுப்பு ஒரு வயர். முப்பது வருஷத்துக்கு முந்தைய ஸ்பீக்கரை இன்றைய ரிசீவரில் மாட்டினாலும் பாடும்.

போன ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. ரிசீவரின் கரன்ட் லைனில் சர்ஜ் புரொடெக்டர் இருக்கிறது, அந்த வழியாக ஒன்றும் வரவில்லை. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயர் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ரிசீவருக்குள் போயிருக்கிறது. பாக்ஸ் போனது, ரிசீவரின் எச்டிஎம்ஐ மொத்தமும் போனது. இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, டிஷ் வயரையும் கழற்றிவிட வேண்டும். இதைக் கடையிலும் யாரும் சொல்லவில்லை, கையேட்டைப் படித்து இதைச் செய்கிறவரையும் நான் பார்த்ததில்லை.

ஆம்ப்ளிஃபையர் நன்றாக இருக்கிறது, எஃப்எம் பாடுகிறது, ப்ளூடூத் பாடுகிறது. ஆனால் சர்வீஸ் சென்டரில் சிப்பை மட்டும் மாற்ற மாட்டார்கள், முழு போர்டுதான். போர்டுக்கு வாரக்கணக்கில் காத்திருப்பு, அது வந்ததும் பெட்டியைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும், முன்பணம் வேறு. நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் நல்ல ஆம்ப்ளிஃபையரும் உள்ள எட்டு, ஒன்பது கிலோ இயந்திரம் உள்ளங்கை அகலப் பலகைக்காகக் காத்துக் கிடப்பது எந்த நியாயத்தில் சேரும்? இப்படி ஒரு போர்டைச் செய்து விற்கிறவர்கள் அதைப் பழுது பார்க்கவும் வழி வைக்க வேண்டாமா?

போர்டு வரும் வரை டிவியிலிருந்து ரிசீவருக்கு ஓர் ஆப்டிகல் கேபிள் மாட்டினேன். விலை சில நூறு ரூபாய். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை 'டால்பி டிஜிட்டல்' என்று வைத்தால் 5.1 அப்படியே வருகிறது. அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் முறை) வராது, ஆனால் எங்கள் கூரையில் அதற்கு ஸ்பீக்கரே இல்லை. வால்யூமுக்கு ரிசீவரின் ரிமோட்டை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் சிரமம். கரன்ட் போய் வந்தாலும் ரிசீவர் எழுந்தவுடன் ஒலி வந்துவிடுகிறது. ஆப்டிகலில் போவது வெளிச்சம். மின்சாரம் அதில் ஏற வழியில்லை, மின்னலுக்கும் அந்தப் பாதை கிடையாது. அம்மாவிடமிருந்து போன் வருவது அடியோடு நின்றது. புது போர்டு வந்த பிறகும் ஆப்டிகலைக் கழற்றவில்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்த எச்டிஎம்ஐயில் இப்போது எதுவும் மாட்டப்படவில்லை, செட்டாப் பாக்ஸ் நேராக டிவிக்குப் போகிறது. டிவி வாங்கும்போதே ஆப்டிகலில் 5.1 வருமா என்று கேட்டுப் பாருங்கள், சில மாடல்களில் ஸ்டீரியோ மட்டும்தான் வெளியே வரும்.

சரி, வாங்கலாமா? ஒலியில் குறை சொல்ல முடியாத ரிசீவர் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் புது ரிசீவர் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அடுத்த வருஷம் கேட்டால் மனசு ஆறி வேறு பதில் வரலாம். 40,000 ரூபாயை ரிசீவருக்கு ஒதுக்கியிருந்தால் அதில் பெரும்பகுதியை சென்டருக்கும் முன் ஜோடிக்கும் கொடுங்கள். ரிசீவரை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். 4கே, 8கே என்று மாற்றிக்கொண்டே போகிறவர்கள் நல்ல நல்ல பழைய மாடல்களைத் தள்ளிவிடுகிறார்கள். எச்டிஎம்ஐ மட்டும் செத்துப்போன ரிசீவர்களும் அடிமாட்டு விலைக்கு வருகின்றன. போகும்போது ஒரு டிவியையும் ஆப்டிகல் கேபிளையும் தயாராக வைக்கச் சொல்லுங்கள். ஐந்து சேனலிலும் சத்தம் வருகிறதா, வால்யூம் திருகும்போது கரகரக்கிறதா, அரை மணி நேரம் ஓடிய பிறகு ஏதாவது ஒரு சேனல் நின்றுபோகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.