சைக்ளோகிராஸா, கிராவலா?

வளைந்த கைப்பிடி, பட்டன் வைத்த டயர். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு சைக்கிள்களும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். சைக்ளோகிராஸ் என்பது சேறும் தடுப்புகளும் நிறைந்த சிறு சுற்றில் நடக்கும் குளிர்கால சைக்கிள் பந்தயம்; கிராவல் என்பது சரளை, மண் பாதைகளில் நெடுந்தூரம் ஓட்டுவது. எதில் இறங்குவது என்று தயங்குகிறவர்களுக்காக இது.

வயது: சைக்ளோகிராஸ் மூத்தது. பிரான்சில் டேனியல் கூசோ 1902இல் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910இல் டூர் டி பிரான்ஸை வென்ற ஒக்தாவ் லாபீஸ், தன் வெற்றியில் இந்தக் குளிர்காலப் பயிற்சிக்கும் பங்குண்டு என்றார். உலகப் போட்டி 1950இல், பாரிஸில் தொடங்கியது. கிராவலுக்கு அது 2022இல்தான் வந்தது.

நேரம்: சைக்ளோகிராஸ் சுமார் ஒரு மணி நேரம், மூன்று கிலோமீட்டர் சுற்றையே திரும்பத் திரும்ப. கிராவல் நாள் முழுவதும்கூட நீளும். அமெரிக்காவின் கான்சாஸில் நடக்கும் அன்பவுண்ட் என்ற கிராவல் பந்தயம் 200 மைல்.

டயர்: சைக்ளோகிராஸில் சர்வதேச விதிப்படி அகலம் 33 மி.மீ.க்கு மேல் கூடாது. கிராவலில் 40, 45 சாதாரணம்.

உடம்பு: சைக்ளோகிராஸில் தடுப்புப் பலகையோ செங்குத்து மேடோ வந்தால் பெரும்பாலோர் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நம்மைச் சுமக்க வேண்டியதை நாமே சுமப்பது வேடிக்கைதான்! அதைப் பார்க்கவே பெல்ஜியத்தில் ஆயிரக்கணக்கானோர் சேற்றில் நிற்கிறார்கள். கிராவலில் தாக்குப்பிடிப்பதுதான் பாடு.

செலவு: சேறு சங்கிலியைத் தின்றுவிடும். தீவிரமாக ஓட்டுகிறவர்கள் இரண்டு சைக்கிள் வைத்திருப்பார்கள், ஒன்றைக் கழுவும்போது மற்றதில் ஏற. கிராவலுக்கு ஒன்று போதும்.

ஞாயிறு காலை ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் சைக்ளோகிராஸ். பையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றவும் ஆசை என்றால் கிராவல். என் ஓட்டு சேற்றுக்கே.