திடீர் இடுப்பு வலி: ராத்திரியே அவசரப் பிரிவா, காலையில் ஓ.பி.யா?

மெட்ரோ வாட்டர் லாரியில் பிடித்த குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் 'சுளீர்' என்றால் பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். அதற்கு ஓ.பி. போதும். ராத்திரியே ஓடினால் ஊசி போட்டு, சில இடங்களில் எக்ஸ்ரேயும் எடுத்து அனுப்புவார்கள். எக்ஸ்ரேயில் தசையோ ஜவ்வோ தெரியாது, செலவுதான். சென்னை சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையானால் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். அதுவரை முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கலாம், ஆனால் நாள் முழுக்க அல்ல. தசை இன்னும் இறுகும். சுளுக்கு எடுப்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.

அவசரப் பிரிவின் கதை வேறு. சிறுநீர் முட்டியும் வரவில்லை, மலம் தெரியாமல் போகிறது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துவிட்டது, பாதம் தூக்க வராமல் செருப்பு நழுவுகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தண்டுவடத்துக்குக் கீழே இருக்கும் நரம்புக்கொத்து நசுங்கியிருக்கலாம். எம்.ஆர்.ஐ.யும் அறுவையும் தாமதமானால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். குளிர்காய்ச்சலோடு வலி, விழுந்து அடிபட்ட வலி, வயதானவருக்கு வயிற்றுவலியும் மயக்கமும் சேர்ந்த வலி ஆகியவையும் இந்தப் பக்கம்தான். உள்ளே நுழைந்ததும் வலியைவிட முதலில் சொல்லவேண்டியது, கடைசியாகச் சிறுநீர் போன நேரம்.